பதினெட்டரைக் கிலோ

பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டினால்
நிலாவரை இலைக் கிட்டங்கி, மாடியில் ஆபீஸ்.
இலை நெடி எனக்குத் தெரிவதில்லை இப்போது,
பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவளுக்குத்தான் தெரிகிறது.

ஹாம்பர்க்கிலிருந்து திங்கட்கிழமை எக்செல் ஒன்று வந்தது.
இலை, முதல் தரம்: 18.500 கிலோ.
மைதீன் பிச்சை முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
'பதினெட்டரைக் கிலோவா? சாம்பிள் கேக்கான்.
நல்ல எலையாப் பொறுக்கி
கூரியர்ல போட்டுருங்கம்மா' என்றார்.
ஜெபக்கனி இரண்டு நாள் உட்கார்ந்து பொறுக்கினாள்,
காம்பில்லாமல், பழுப்பில்லாமல்,
மகள் சடங்குக்கு வெற்றிலை அடுக்குகிறவள் மாதிரி.
பெட்டிக்கு ரிப்பன் கட்டலாமா என்றுகூடக் கேட்டாள்.

மூன்றாவது வாரம் போன்.
பெட்டி கிடைத்தது, மிகவும் அழகு.
கண்டெய்னர் எங்கே?

அங்கே ஆயிரத்துக்குப் புள்ளியாம்,
சில்லறைக்குக் கமாவாம்.
நாம் முடிந்தது என்று புள்ளி வைக்கிற இடத்தில்
அவன் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறுகிறான்.
முதலாளி என்னைத் திட்டவில்லை.
தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார், அவ்வளவுதான்.
பதினெட்டாயிரத்து ஐந்நூறு கிலோ.
கீழே கிட்டங்கியில்
ஒன்பதாயிரம் இருந்தால் அதிகம்.

இனிமேல் இந்தத் தப்பு வேண்டாம் என்று
கம்ப்யூட்டரின் வட்டாரத்தை மாற்றினேன்.
இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்கு ஒரு கிளிக்.
விசா கேட்கவில்லை.
எல்லாக் கமாவும் எழுந்து
இடம் மாறி உட்கார்ந்தன,
கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திபோல.
வானுமாமலை, நாங்குநேரி, மூன்று லோடு:
2,47,350.00 இருந்த கட்டத்தில்
247.350,00.
லட்சத்தைக் காணோம்.
அதற்கும் கீழே சில கட்டங்களில்
எண் கொள்ளாமல் #####
வெறும் கம்பி வேலி.

அன்று சாயங்காலமே அவர் கூப்பிட்டார்.
'நம்ம கணக்கு எவ்வளவு நிக்கு தாயி?'
இருநூற்று நாற்பத்தேழு, என்று
தொடங்கிய வாய் பாதியில் நின்றது.
திரையில் விரல் வைத்து வலமிருந்து எண்ணினேன்,
ஒன்று, பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம்.
'ரெண்டு லச்சத்து நாப்பத்தேழாயிரத்து
முன்னூத்தி அம்பது அண்ணாச்சி.'
'ஆங், சரிதான்' என்றார்.
அவரிடம் அது குலையாமல் இருந்தது.
'இன்னும் எல வேணுமா?'
ஒன்பதாயிரத்து ஐந்நூறு கிலோ என்றேன்.
'வெளையாடாதீய' என்று வைத்துவிட்டார்.
நான் திரும்பக் கூப்பிட்டு
ஒவ்வொரு சைபராகச் சொன்னேன்.

என் வீட்டுக் கணக்கும் அதே கம்ப்யூட்டரில்தான்.
கடைசித் தாள், மறைத்து வைத்தது.
எல்லாரும் போன பிறகு திறந்தேன்.
பாங்கில் இருக்கும் சங்கிலி, கிராம்: 24,150.
இருபத்து நாலாயிரத்து நூற்றைம்பது!
மூன்று பவுன் சங்கிலி
மூவாயிரம் பவுனாய்க் கிடந்தது
நீலக் கோட்டுக் கட்டத்துக்குள்.

தெரியும். கணக்கு எழுதுகிறவள் நான்.
கட்டத்தைத் தொட்டால் மேலே பட்டையில்
24,15 என்றுதான் காட்டுகிறது,
பழைய சங்கிலி, பழைய எடை,
கொக்கியில் அந்த நெளிவுகூட இருக்கும்.
ஆனாலும் தொட்ட விரலை எடுத்துவிட்டு
இன்னொரு தடவை
தூரத்திலிருந்து பார்த்தேன்.

பக்கத்துக் கட்டத்தில் கடன்: 136.000.
நூற்று முப்பத்தாறு ரூபாய்.
பர்ஸைத் திறந்து பார்த்தேன்.
நூற்றைம்பது இருந்தது.
நாளைக்கே மீட்டுவிடலாம்,
மிச்சத்துக்கு ஜங்ஷனில் ஒரு டீ.

விளக்கை அணைக்க ஜெபக்கனி மாடி ஏறி வந்தாள்.
'இன்னும் நீங்க இந்தியாவுக்கு வரலயா அக்கா?'
இரு, என்றேன்.